355/113 எங்கிருந்து வருகிறது? தொடர் பின்னங்களைப் பற்றி ஒரு கேள்வி

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வடசென்னையில் ஒரு கல்லூரியில் இளநிலைக் கணிதம் படிக்கிறேன். எண் கோட்பாட்டுத் தாளில் தொடர் பின்னங்கள் என்ற பகுதி வருகிறது. கணக்கைச் செய்வதில் எனக்குச் சிக்கல் இல்லை. ஓர் எண்ணின் முழுப்பகுதியை எடுத்து வைத்துவிட்டு, எஞ்சிய தசமப் பகுதியைத் தலைகீழாக்கி, அதிலிருந்து மீண்டும் முழுப்பகுதியை எடுக்க வேண்டும் என்பது தெரியும். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான பையை (π) எடுத்துக்கொண்டு அப்படியே செய்துகொண்டு போனால் 3, 7, 15, 1, 292 என்ற எண்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. அதாவது,

பை = 3 + 1/(7 + 1/(15 + 1/(1 + 1/(292 + …))))

இதை 7 உடன் நிறுத்தினால் 22/7. 15 உடன் நிறுத்தினால் 333/106. அடுத்து வரும் 1 உடன் நிறுத்தினால் 355/113. தேர்வுக்கு இது போதும். ஆனால் எனக்குப் புரியாதவை இரண்டு இருக்கின்றன. இப்படிக் கிடைக்கும் பின்னங்களே மிகச் சிறந்த தோராயங்கள் என்று பாடத்தில் சொல்லியிருக்கிறார்கள். எவற்றைவிடச் சிறந்தவை, ஏன் என்பது விளங்கவில்லை. அடுத்ததாக, பெரிய எண் வரும்போது அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார்கள். 292ஐயும் சேர்த்துக்கொண்டால் துல்லியம் கூடத்தானே செய்யும்? அப்படியிருக்க, அதற்கு முன்னால் நிறுத்துவதில் என்ன நன்மை? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இராயபுரம் கணித ஆசிரியர் எழுதியது:

மாணவிக்கு வணக்கம். தசமத்தைத் தலைகீழாக்கிக்கொண்டே போகும் முறையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பத்தாம் வகுப்பில் மீப்பெரு பொது வகுத்தி காண்பதற்கு நீங்கள் பயன்படுத்திய யூக்ளிடின் வகுத்தல் வழிமுறைக்குத் திரும்புங்கள். தொடர் பின்னம் என்பது அந்த வகுத்தலின் ஈவுகளை வரிசையாக எழுதி வைத்த கணக்கே தவிர வேறொன்றும் இல்லை. தசமத்தில் பத்து என்ற அடிமானம் குறுக்கே வந்து நிற்கிறது. எண்ணுக்கும் பத்துக்கும் இயல்பான உறவு எதுவும் இல்லை. யூக்ளிட் முறையில் எண் தன்னைத்தானே அளந்துகொள்கிறது.

ஆரியபட்டர் கி.பி. 499இல் பைக்குக் கொடுத்த மதிப்பையே எடுத்துக்கொள்வோம். நூற்றுடன் நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அத்துடன் 62000ஐச் சேர்த்தால், 20000 விட்டமுடைய வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழக் கிடைக்கும் என்பது அவர் சொன்னது. ஆக, சுற்றளவு 62832, விட்டம் 20000. இவ்விரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி காண்போம்:

62832 = 3 × 20000 + 2832
20000 = 7 × 2832 + 176
2832 = 16 × 176 + 16
176 = 11 × 16 + 0

ஈவுகள் 3, 7, 16, 11. எனவே 62832/20000 = 3 + 1/(7 + 1/(16 + 1/11)). இப்போது கடைசி ஈவை விட்டுவிட்டு, 16 உடன் நிறுத்திக் கணக்கிட்டுப் பாருங்கள். 7 + 1/16 என்பது 113/16. அதைத் தலைகீழாக்கி 3ஐக் கூட்டினால் 355/113 வந்து நிற்கிறது. நீங்கள் எழுதிய 15, 1 என்ற இரண்டும் சேர்ந்ததுதான் இந்த 16, ஏனெனில் 15 + 1/1 = 16. வேடிக்கை என்னவென்றால், ஆரியபட்டரின் 62832/20000, அதாவது 3.1416இலிருந்து பை வேறுபடும் அளவில் ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்குதான் 355/113இலிருந்து வேறுபடுகிறது. சீனத்தில் ஐந்தாம் நூற்றாண்டிலேயே சூ சோங்ஜி 355/113ஐக் கண்டறிந்திருந்தார்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அடுத்தடுத்து வரும் இரண்டு பின்னங்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்துப் பாருங்கள். 22 × 106 = 2332; 333 × 7 = 2331. வேறுபாடு 1. அடுத்த சோடிக்கு 333 × 113 = 37629; 355 × 106 = 37630. மீண்டும் வேறுபாடு 1. இது எப்போதும் இப்படித்தான் இருக்கும். தொகுத்தறிதல் முறையில் நான்கைந்து வரிகளில் நிறுவிவிடலாம். ஆகவே 333/106, 355/113 ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு சரியாக 1/(106 × 113). பை அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

அதே இடைவெளிக்குள் வேறொரு பின்னம் இருப்பதாகவும், அதன் பகுதி ‘ப’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு பின்னங்களைக் கழித்தால் தொகுதியில் குறைந்தது 1 ஆவது மிஞ்சும் என்பதால், 333/106க்கும் அதற்கும் உள்ள தொலைவு 1/(106 × ப) என்பதைவிடக் குறையாது. ஆனால் அது இடைவெளிக்குள் இருப்பதால், அந்தத் தொலைவு 1/(106 × 113) என்பதைவிடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேரப் பொருந்த வேண்டுமானால் ‘ப’ 113ஐவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். 355/113ஐவிடப் பைக்கு நெருக்கமாக வரும் எந்தப் பின்னமும் அந்த இடைவெளிக்குள்தான் வரும். ஆகவே 113 அல்லது அதற்குக் குறைவான பகுதியை உடைய எந்தப் பின்னத்தாலும் 355/113ஐ மிஞ்ச முடியாது. ‘எதைவிடச் சிறந்தது’ என்று கேட்டீர்கள்: தன் பகுதியைவிடப் பெரிய பகுதி இல்லாத எல்லாப் பின்னங்களையும்விடச் சிறந்தது.

இரண்டாவது கேள்வி. ஒரு பின்னத்தோடு நிறுத்தும்போது ஏற்படும் பிழை, 1/(அதன் பகுதி × அடுத்த பின்னத்தின் பகுதி) என்பதைவிடக் குறைவு. அடுத்த பகுதியைப் பெற, அடுத்த ஈவை இப்போதைய பகுதியால் பெருக்கி, முந்தைய பகுதியைக் கூட்ட வேண்டும்: 292 × 113 + 106 = 33102. எனவே 355/113இன் பிழை 1/(113 × 33102), அதாவது ஏறத்தாழ முப்பத்தேழு இலட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அடுத்த ஈவு பெரியது என்றால் இப்போது கையில் இருக்கும் பின்னம் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டது என்று பொருள். மிச்சம் அவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் அதன் தலைகீழி அவ்வளவு பெரியதாக வருகிறது. 292ஐயும் சேர்த்தால் துல்லியம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று இலக்கப் பகுதிக்குப் பதிலாக ஐந்து இலக்கப் பகுதியைச் சுமக்க வேண்டியிருக்கும். 113க்குப் பிறகு 355/113ஐ மிஞ்சும் முதல் பின்னமே 52163/16604தான்.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. குறுக்குப் பெருக்கலில் 1 வருவதை இதுவரை ஒரு சூத்திரமாக மட்டுமே மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு சிறு ஐயம். கணினியில் தேடிப் பார்த்தபோது 179/57 என்ற பின்னம் 22/7ஐவிடப் பைக்குச் சற்று நெருக்கமாக இருக்கிறது. ஆனால் அது நாம் பெற்ற வரிசையில் இல்லையே?

இராயபுரம் கணித ஆசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி. வரிசையிலுள்ள பின்னங்கள் அனைத்தும் சிறந்தவை. ஆனால் சிறந்தவை அனைத்தும் வரிசையில் இருக்க வேண்டும் என்பதில்லை. 22/7க்கும் 333/106க்கும் நடுவே ஈவு 15 இருக்கிறது அல்லவா? 15க்குப் பதிலாக 8, 9, 10 என்று இடையிலுள்ள எண்களை வைத்துக் கிடைக்கும் இடைநிலைப் பின்னங்களில் முதலாவதுதான் உங்கள் 179/57. அதன் பிழை 0.00124, 22/7இன் பிழை 0.00126. பகுதியை எட்டு மடங்குக்கு மேல் பெருக்கிவிட்டு இவ்வளவுதான் இலாபம் என்றால், அதை மிகச் சிறந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிழையைப் பகுதியால் பெருக்கி ஒப்பிடும் கடுமையான அளவுகோலை வைத்தால், வரிசையிலுள்ள பின்னங்கள் மட்டுமே தேறும். பள்ளியில் சொல்லும் 3.14ஐ, அதாவது 157/50ஐ, எடுத்துக்கொண்டால் அது எந்த அளவுகோலிலும் தேறாது. 7ஐப் பகுதியாக உடைய 22/7இடமே அது தோற்கிறது.

வியாசர்பாடி லேத் பட்டறைக்காரர் எழுதியது:

தங்கைக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் வணக்கம். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவில் படித்தவன். எங்கள் தொழிலில் இந்தக் கணக்கு எங்கே வருகிறது என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

பழைய லேத்துகளில் (கடைசல் பொறிகளில்) லீட் ஸ்க்ரூ, அதாவது வெட்டும் கருவியை நகர்த்தும் நீண்ட மரைத் தண்டு, அங்குலக் கணக்கில் இருக்கும். எங்கள் பட்டறையில் இருப்பது அங்குலத்துக்கு நான்கு மரை. அதில் 1.5 மில்லிமீட்டர் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலுள்ள தொலைவு) உள்ள மரை வெட்ட வேண்டுமானால், வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் லீட் ஸ்க்ரூவுக்கும் இடையில் மாட்டும் கியர்களின் விகிதம் 30/127 ஆக இருக்க வேண்டும். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர், அதாவது 127/5 என்பதால், அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறும் எந்தக் கணக்கிலும் இந்த 127 வந்து நிற்கும். 127 ஒரு பகா எண். ஆகவே அதை இரண்டு சிறிய கியர்களாகப் பிரித்துக்கொள்ளவும் வழியில்லை. 127 பல் கியர் கையில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆசிரியர் சொன்ன முறையில் 127ஐ 30ஆல் வகுத்துக்கொண்டு போனால் ஈவுகள் 4, 4, 3, 2. கடைசி 2ஐ விட்டால் 13/55 கிடைக்கிறது. பிழை 0.06 விழுக்காடு. ஆனால் பட்டறைகளில் வழக்கமாகச் செய்வது வேறு. 127/100ஐத் தனியே எடுத்து வகுத்தால் ஈவுகள் 1, 3, 1, 2, 2, 1, 2 என்று வருகின்றன. கடைசி 2ஐ விட்டால் 47/37. எனவே 30/127க்குப் பதிலாக 37/47, 30/100 என்று இரண்டு சோடிக் கியர்களை மாட்டினால் பிழை 0.02 விழுக்காடுதான். மொத்த விகிதம் 111/470 ஆகிறது. 470 என்ற பகுதி 127ஐவிடவே பெரியது. சரியான விகிதத்தைவிடப் பெரிய பகுதியை உடைய ஒரு தோராயத்தைக் கணித நூல் சிறந்தது என்று ஒப்புக்கொள்ளாது. ஆனால் எங்களுக்குப் பகுதி சிறியதா என்பது பொருட்டல்ல. பெட்டியில் இருக்கும் கியர்களாக அது பிரியுமா என்பதுதான் பொருட்டு. ஆகவே தொடர் பின்னம் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், விகிதத்தின் எந்தத் துண்டை வகுப்பது என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

0.02 விழுக்காடு என்றால் 30 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிடிக்கும் போல்ட்டில் ஆறு மைக்ரான் அளவுதான். நட்டு தடையில்லாமல் ஏறும். ஆனால் ஒரு மீட்டர் நீள ஸ்க்ரூவில் அது 0.2 மில்லிமீட்டருக்கு மேல் சேர்ந்துவிடும் என்பதால், அதற்கு 127 பல் கியரை வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஜார்ஜ் டவுன் ஓய்வூதியர் எழுதியது:

கியர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டச்சு அறிஞரான ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் கோள்களின் சுழற்சியைக் காட்டும் ஒரு பொறியைச் செய்தபோது, சனிக் கோளுக்கும் பூமிக்கும் உரிய சுற்றுக்கால விகிதத்தை 77708431/2640858 என்று கணக்கிட்டு, இத்தனை பற்களை வெட்ட முடியாது என்பதால் தொடர் பின்னத்தை இடையில் நிறுத்தி 206/7 என்று வைத்துக்கொண்டார். பட்டறைக்காரர் தம்பி செய்வதும் அதே வேலைதான்.

வடசென்னையில் இருந்துகொண்டு தொடர் பின்னத்தைப் பற்றிப் பேசும்போது இராமானுஜனை விட்டுவிட முடியாது. சென்னைத் துறைமுகத்தில் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். 1913 ஜனவரி 16 என்று நாளிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஹார்டியைத் திகைக்க வைத்தவை தொடர் பின்னச் சூத்திரங்களே. அவை மேல்நிலைப் படிப்புக்கு உரியவை. மாணவிக்கு இப்போதே பயன்படக்கூடியது வேறொன்று.

1914 டிசம்பரில் ஸ்டிராண்ட் என்ற ஆங்கில இதழில் வந்த ஒரு புதிரை, கேம்பிரிட்ஜில் இராமானுஜனின் அறைக்கு வந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு நீண்ட தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கின்றன; ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூடுதலும் வலப்புறமுள்ள எண்களின் கூடுதலும் சமம்; மொத்த வீடுகள் 50க்கு மேல், 500க்குக் குறைவு; அது எந்த வீடு? (பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்களைத் தாங்கி நிற்கும் நம் தெருக்களில் இந்தப் புதிரைப் போட முடியாது.) சமையல் செய்துகொண்டிருந்த இராமானுஜன், விடையை ஒரு தொடர் பின்னமாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்; அது அந்த ஒரு விடையை மட்டுமல்லாமல், வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால் வரக்கூடிய எல்லா விடைகளையும் தருவது.

அவர் எந்த வடிவில் சொன்னார் என்பது ஒருபுறம் இருக்கட்டும், நாம் இப்படிப் பார்க்கலாம். வீட்டு எண்ணின் வர்க்கம், மொத்த வீடுகளையும் அதற்கடுத்த எண்ணையும் பெருக்கிப் பாதியாக்கியதற்குச் சமமாக இருக்க வேண்டும். √2இன் தொடர் பின்னம் 1, 2, 2, 2, 2 என்று போகிறது. அதிலிருந்து கிடைக்கும் பின்னங்கள் 1/1, 3/2, 7/5, 17/12, 41/29. ஒவ்வொன்றிலும் தொகுதியையும் பகுதியையும் பெருக்குங்கள்: 1, 6, 35, 204, 1189. இவைதாம் வீட்டு எண்கள். மொத்த வீடுகள் முறையே 1, 8, 49, 288, 1681. இதழ் கேட்ட வரம்புக்குள் வருவது 288 வீடுகளுள்ள தெருவில் 204ஆம் எண். காரணம் எளிது: 17இன் வர்க்கம் 289, 12இன் வர்க்கத்தை இரட்டித்தால் 288. √2க்கு நெருங்கும் பின்னங்களில் இவ்விரண்டும் எப்போதும் ஒன்றே ஒன்றால் வேறுபடுவதால், அடுத்தடுத்த இரண்டு எண்கள் நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. 204ஐ நானும் சரிபார்த்தேன். 1 முதல் 203 வரை கூட்டினால் 20706, 205 முதல் 288 வரை கூட்டினாலும் அதே. √2இல் எல்லா ஈவுகளும் 2 ஆகவே இருக்கின்றன. அப்படியானால் அங்கே நிறுத்துவதற்கு ஏற்ற இடம் என்று எதுவும் கிடையாதா?

இராயபுரம் கணித ஆசிரியர் எழுதியது:

கிடையாது. √2 – 1 என்பதன் தலைகீழி √2 + 1; அதிலிருந்து 2ஐ எடுத்தால் மீண்டும் √2 – 1 தான் மிஞ்சும். ஆகவே 2 என்ற ஈவு முடிவின்றித் திரும்புகிறது. ஒவ்வொரு படியிலும் பிழை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சீராகக் குறைகிறது. முழுஎண் கெழுக்களை உடைய இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வாக வரும் விகிதமுறா எண்களுக்கெல்லாம் ஈவுகள் ஒரு கட்டத்துக்குப் பிறகு இப்படித் திரும்பத் திரும்ப வரும் என்று லக்ராஞ்சு 1770இல் நிறுவினார். எல்லா ஈவுகளும் 1 ஆகவே அமையும் பொன் விகிதம்தான் இவற்றிலெல்லாம் பிடிவாதமானது. எந்தப் பின்னத்துக்கும் எளிதில் இணங்காது. அதற்கு நெருங்கி வரும் பின்னங்கள் 2/1, 3/2, 5/3, 8/5 என்று பிபனாச்சி எண்களின் விகிதங்களாகவே அமைகின்றன.

பையின் ஈவுகளில் இன்றுவரை யாரும் ஒழுங்கு எதையும் கண்டறியவில்லை. 292 அங்கே வருவதற்குத் தனிக் காரணம் எதுவும் தெரியாது. ஆனால் பையின் நான்காம் அடுக்கை எடுத்துக்கொண்டால் ஈவுகள் 97, 2, 2, 3, 1, 16539 என்று வருகின்றன. 16539க்கு முன்னால் நிறுத்திக் கணக்கிட்டால் கிடைப்பது 2143/22. அதன் நான்காம் மூலம் பையுடன் எட்டுத் தசம இடங்கள் வரை ஒத்துப்போகிறது. இராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தத் தோராயம் இருக்கிறது. நீங்களே செய்து பார்க்க விரும்பினால் சாதாரணக் கால்குலேட்டரை நம்ப வேண்டாம். கடைசி இலக்கங்களில் ஏற்படும் முழுமைப்படுத்தல் பிழை, தலைகீழாக்கும்போது பெருகி 16539ஐ வேறு எண்ணாக்கிவிடும். பையின் மதிப்பை இருபது இலக்கங்களுக்காவது எடுத்துக்கொண்டு கணினியில் தொடங்குங்கள்.